ஆசானுக்குக் கால் பங்கு

தாதர் கிழக்கில், ஹிந்து காலனியை ஒட்டிய ஒரு படிப்பறையில், ஞாயிறு காலைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாட்களில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அதே வேலைதான். மேற்கு ரயில் பாதையும் மத்திய ரயில் பாதையும் தாதரில் சேருவதால் எந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வந்து சேருவது எளிது. தாராவிப் பிள்ளைகள் சயானில் ஏறுவார்கள். செம்பூர்ப் பிள்ளைகள் ஹார்பர் வண்டியில் குர்லா வந்து மாறுவார்கள். பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் மராத்தியும் இந்தியும் குஜராத்தியும் பேசுகிறவர்கள். எல்லோரும் கொண்டுவருகிற குறை ஒன்றேதான். தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து வரும் ஒரு பையன் அதைத் திருநெல்வேலித் தமிழில் சொன்னான்: “அண்ணே, வீடியோ எல்லாம் பாத்தாச்சு. பாக்கும்போது எல்லாம் புரியுது. எழுத உக்காந்தா ஒரு வரி வர மாட்டேங்கு.”

பார்க்கும்போது புரிந்தது யாருக்கு? எழுத முடியாமல் உட்கார்ந்திருப்பது யார்? இதைப் படிக்கும் உத்தி பற்றிய கேள்வியாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அறிவை ஒருவர் இன்னொருவருக்குத் தர முடியுமா என்று மதங்களும் தத்துவங்களும் கேட்டுவந்த பழைய கேள்வி, லேபில் கீபோர்டு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, மண்ணில் இரண்டடிச் சதுரம் ஒன்றைப் போட்டு, இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நான்கு என்கிறான். தவறு. மூன்று என்கிறான். அதுவும் தவறு. சாக்ரடீஸ் விடையைச் சொல்லாமல் கேள்வியாகவே கேட்டுக்கொண்டு போகிறார். கடைசியில் மூலைவிட்டத்தைப் பக்கமாக வைத்தால் சரியாக வரும் என்று பையனே கண்டுகொள்கிறான். ஆன்மா ஏற்கெனவே அறிந்ததை நினைவுகூர்கிறது, யாரும் புதிதாக ஊற்றுவதில்லை என்பது பிளேட்டோவின் முடிவு. கி.பி. 389-ஐ ஒட்டி அகஸ்டின் தன் மகன் அதியோதாத்துஸுடன் பேசுவதாக எழுதிய ‘ஆசிரியர்’ என்ற நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சொற்கள் சுட்டிக்காட்டத்தான் முடியும், உண்மையைக் காட்டுகிற ஆசிரியர் உள்ளே இருக்கிறார் என்கிறது. நம் பக்கத்தில் தட்சிணாமூர்த்தி வாயே திறக்காமல் நான்கு முனிவர்களின் ஐயத்தைத் தீர்க்கிறார்.

அதே சதுரக் கணக்கை நான் ஞாயிறு வகுப்பில் போடுவதுண்டு. பவாய் ஐ.ஐ.டி.யில் முதலாண்டுப் பிள்ளைகளுக்காக அபிராம் ரானடே உருவாக்கிய ‘சிம்பிள்சிபிபி’யில் ஓர் ஆமை திரையில் நடந்து கோடு போடும். சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் 1967-இல் குழந்தைகளுக்காகச் செய்த ‘லோகோ’ மொழியின் வழிவந்த ஆமை அது. நான்கு முறை திரும்பச் செய், நூறு புள்ளி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு என்றால் சதுரம் வந்துவிடும். இப்போது இரு மடங்கு பரப்பு வேண்டும் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் நூறை இருநூறாக்குவார்கள். ஏதென்ஸ் சிறுவன் சொன்ன அதே விடை. ஆமை கொஞ்சமும் முகம் சுளிக்காமல் நான்கு மடங்குச் சதுரத்தைப் போட்டுக் காட்டும். சொன்னதைச் செய்து காட்டும் நேர்மை அதற்கு உண்டு. ஆனால் “உள்ளே சின்னச் சதுரம் எத்தனை கொள்ளும், எண்ணிப் பார்” என்று அடுத்த கேள்வியை அது கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டுச் சொன்ன நூல் ஒன்று தமிழில் இருக்கிறது. கி.பி. 1200-ஐ ஒட்டி, சமண முனிவர் பவணந்தி எழுதிய நன்னூல். எழுத்தும் சொல்லும் சொல்லவந்த இலக்கண நூல், அதற்கு முன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், மாணவன் எப்படிக் கேட்க வேண்டும் என்று நின்று பேசுகிறது. மாணவனிடம் அது எதிர்பார்க்கும் அடக்கம் கடுமையானது. இரு என்றால் இருந்து, சொல் என்றால் சொல்லி, ஓவியத்துப் பதுமைபோல் அசையாமல் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒருமுறை கேட்டவன் இன்னொரு முறையும் கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லத் தெரியும் என்கிறது. இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கணக்கு வைக்கிறது. ஆசிரியர் சொன்னதைக் குறையின்றிப் பிடித்துக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி இரண்டு கால், அதாவது முழுசாகப் பாதி, பிறருக்கு எடுத்துச் சொல்வதில் வருகிறது.

இதே போன்ற பங்கு பிரிக்கும் சுலோகம் ஒன்று வடமொழியிலும் வழங்குகிறது. அதில் ஆசிரியருக்குக் கால், சொந்த அறிவுக்குக் கால், உடன் பயில்வோருக்குக் கால், கடைசிக் கால் பங்கு காலப்போக்குக்கு. ஆசிரியரின் பங்கும் தோழர்களின் பங்கும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. எஞ்சிய பாதியில்தான் இரண்டும் பிரிகின்றன. அங்கே அது தனி மனிதனின் அறிவுக்கும், வயதாக ஆகத் தானே கனிகிற முதிர்ச்சிக்கும் போகிறது. இங்கே அந்தப் பாதி முழுவதும் இன்னொருவனைப் பார்த்து வாய் திறப்பதற்குப் போகிறது. எனக்கு நன்னூல் கணக்கே சரியென்று படுகிறது. முதிர்ச்சிக்காகக் காத்திருக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. என் பிள்ளைகளுக்கு எட்டு செமஸ்டர்தான் இருக்கிறது. நடுவில் ஒரு பாடத்தில் தேறாமல் கே.டி. விழுந்தால் வீட்டில் அடுத்த ஃபீஸ் கட்ட யோசிப்பார்கள்.

இதையெல்லாம் பேசக் காரணம், கல்லூரியில் நேரில் நடப்பதையும் இணையத்தில் நடப்பதையும் கலந்து நடத்தும் முறை இன்று வழக்கமாகவே வந்துவிட்டதுதான். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துரு, எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. நல்லதுதான். ஆனால் 40-க்கு 60 என்பது பாடம் எந்த வழியாக வருகிறது என்ற கணக்கு. நன்னூல் கணக்கு யாருடைய வாய் பேசுகிறது என்பது. நாற்பது சதவீதம் வீடியோவில் ஆசிரியர் பேசி, அறுபது சதவீதம் வகுப்பில் ஆசிரியர் பேசினால், நன்னூல்படி பிள்ளை இன்னும் முதல் கால் பங்கைத் தாண்டவில்லை. எத்தனையோ கல்லூரிகளில் ‘கலப்பு முறை’ என்ற பெயரில் நடப்பது இதுதான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

வீடியோவை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த முதல் கால் பங்கை வீடியோ செய்வதுபோல் என்னால் செய்ய முடியாது. மூன்றுமுறை கேட்கச் சொன்னார் பவணந்தி. எந்த ஆசிரியர் ஒரே பாடத்தை ஒரு பிள்ளைக்காக மூன்றுமுறை சொல்வார்? லோக்கல் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் போனை வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு அது எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லும். பவாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டம் இதை இன்னும் நுட்பமாகச் செய்தது. ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் தமிழிலும் மராத்தியிலும் மற்ற இந்திய மொழிகளிலும் ஒலிக்கும். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் பிள்ளை தானே செய்து பார்க்க மென்பொருள். நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். என் போன்ற பிள்ளை கல்லூரிக்கு வந்ததும் முதலில் முட்டிக்கொள்வது ஆங்கிலச் சுவரில். ‘லூப்’ புரியாமல் போவதற்கு முன்பே ‘லூப்’பை விளக்கும் வாக்கியம் புரியாமல் போகும். அந்தச் சுவரைத் தமிழ்க் குரல் ஒன்று பத்து நிமிடத்தில் தாண்ட வைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தத் திட்டத்தை நடத்திய பேராசிரியர் பெயர் கண்ணன் மௌத்கல்யா. தைத்திரீய உபநிடதத்தில், சத்தியம் பெரிது, தவம் பெரிது என்று இரண்டு முனிவர்கள் சொல்லும்போது, கற்பதும் கற்பிப்பதுமே தவம் என்று மூன்றாமவர் ஒருவர் சொல்கிறார். அவர் பெயர் நாக மௌத்கல்யர். இந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் படிப்பறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராஜகிருகம். 1930-களில் அம்பேத்கர் தன் புத்தகங்களுக்கும் சேர்த்துக் கட்டிய வீடு. அவர் நினைவு நாளான டிசம்பர் 6-ஆம் தேதி, அவர் நினைவிடமான சைத்தியபூமிக்கு வரும் லட்சக்கணக்கான மக்களுக்காக சிவாஜி பார்க்கில் வரிசையாகப் புத்தகக் கடைகள் போட்டிருப்பார்கள். அப்பா என்னை அங்கே கூட்டிப்போய்ப் புத்தகம் வாங்கித் தருவார். வீட்டில் பிள்ளையார் படமும் உண்டு, பாபாசாகேப் அம்பேத்கர் படமும் உண்டு. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு ஏகலைவன் கதை வெறும் கதையாக இருக்க முடியாது. குரு மறுத்தார், அவன் களிமண்ணில் குருவைச் செய்து வைத்துக் கற்றான். பதிவு செய்த பாடம் அந்தக் களிமண் உருவத்தைப் போன்றதுதான் என்றால், அதற்கு ஒரு பெரிய மேன்மை இருக்கிறது. அது யாரையும் நீ எந்த ஜாதி, எந்தச் சந்து என்று கேட்பதில்லை. அதனால்தான் வீடியோவை இழிவாகப் பேசும் பெரியவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. குருமுகமாகத்தான் வித்தை வர வேண்டும் என்ற வாசகத்தின் பின்னால் எத்தனை பேருக்குக் கதவு சாத்தப்பட்டது என்பதை நாங்கள் மறக்க முடியாது.

எல்லோரும் கட்டைவிரலுக்காக அழுகிறோம். எனக்கு அந்தக் கதையில் இன்னொரு துக்கமும் உண்டு. ஆதி பருவத்து அந்தக் காட்டில் அவனோடு பயில்வதற்கு ஒருவரும் இல்லை. பாண்டவர்களுக்கும் கௌரவர்களுக்கும் நூற்றைந்து பேர் கூட்டாளிகள். ஏகலைவன் அம்பு விடுகிறான், தனியாகத் திருத்திக்கொள்கிறான், மறுபடியும் விடுகிறான். அவன் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும் அங்கே வரவில்லை. நன்னூல் கணக்கில் முக்கால் பங்கு அவனுக்கு மறுக்கப்பட்டது. அத்தனையையும் மீறி அவன் வில்லாளியானது அவன் பெருமை. எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகட்டும் என்று போனைக் கையில் கொடுத்து அனுப்புவது நம் கடமையை நாம் கைகழுவுவது.

மற்ற முக்கால் எப்படி வருகிறது என்பதைப் படிப்பறையில் கண்ணால் பார்க்கலாம். பைதானில் ‘ரேஞ்ச்’ என்று ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை என்று கொடுத்தால் ஒன்பதோடு நின்றுவிடும். எல்லா வீடியோவிலும் சொல்வார்கள், எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். செம்பூரிலிருந்து வரும் இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி, கிராஸ் ரோட்டுப் பையனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கடைசி நம்பர் சேராது. அவ்வளவுதான்.”

“அதான் ஏன்க்கா சேராது? பத்து வரைக்கும்னா பத்தும் வரணும்லா?”

“ரூல் அப்படி.”

“ரூலை யாரு போட்டா? காரணம் இல்லாமலா போட்டிருப்பாங்க?”

அவளுக்குப் பதில் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவள் பேப்பரில் ஸ்டேஷன் பெயர்களை எழுதினாள்: தாதர் 0, மாட்டுங்கா 1, சயான் 2, குர்லா 3. “தாதர்ல ஏறி குர்லா போனா எத்தன ஸ்டேஷன் தாண்டணும்? மூணு. மூணுலேர்ந்து சைபரைக் கழிச்சா மூணு. குர்லாவையும் சேத்து எண்ணினா நாலுன்னு வரும், தப்பு.” அப்போதும் அவன் விடவில்லை. “சரி, குர்லாவுலேருந்து காட்கோபர் போகணும்னா?” அவள் வித்யாவிஹார் 4, காட்கோபர் 5 என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. “ஏய்! இங்க குர்லாலேர்ந்துதான ஆரம்பிக்கிறோம். முன்னாடி கணக்குலயும் குர்லாவைச் சேத்திருந்தா ரெண்டு தடவ வந்திருக்கும்! அதான் விட்டு வைக்கிறாங்க.”

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிட்டால், இரண்டு எண்களின் வித்தியாசமே நீளமாகும், ஒரு வரிசை முடிகிற எண்ணிலேயே அடுத்த வரிசை தொடங்கும் என்ற இரண்டு காரணங்களும் அதில் இருக்கின்றன. அந்தப் பெண் அதைப் படித்ததில்லை. இரண்டையும் அவள் தாதருக்கும் காட்கோபருக்கும் நடுவில் கண்டுபிடித்தாள். யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது? நான் இல்லை, வீடியோ இல்லை. விடாமல் கேட்ட பையனுக்கும் அது தெரியாது. பிளேட்டோ சொன்னதுபோல அவள் உள்ளேயே இருந்திருக்கலாம், அகஸ்டினின் உள்ளிருக்கும் ஆசிரியராகவும் இருக்கலாம். ஆனால் அவன் எதிரில் உட்கார்ந்து “ஏன்” என்று கேட்டிராவிட்டால் அந்த ஆசிரியர் எழுந்திருக்க மாட்டார். தத்துவவாதிகள் இருவரும் கண்டது உண்மை. அந்த உண்மை வெளியே வர இரண்டாம் ஆள் வேண்டும் என்பதைப் பங்கு போட்டுச் சொன்னது நன்னூல்.

பெரிய வகுப்பில் இதெல்லாம் நடக்காது என்பவர்கள் உண்டு. பவாயில் ஸ்ரீதர் ஐயர், சஹானா மூர்த்தி ஆகியோரின் குழு 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு முதலாண்டு புரோகிராமிங்கின் மிகப் பெரிய வகுப்பில் இதைத்தான் செய்து பார்த்தது. முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய், பிறகு வகுப்புக்குச் சொல். அந்த நேரங்களில் சராசரியாக 83 சதவீதம் பிள்ளைகள் கவனம் சிதறாமல் ஈடுபட்டிருந்ததை உட்கார்ந்து கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பெஞ்சு நகர்த்த முடியாத லெக்சர் ஹாலில் அது நடந்ததென்றால், முப்பது பேர் இருக்கும் எங்கள் லேபில் நடக்காது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2022 நவம்பருக்குப் பிறகு வேறு ஒரு கேள்வி வந்திருக்கிறது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் புரோகிராம் வந்துவிடுகிறது, லேப் ஜர்னலில் எழுதிச் சப்மிஷனும் முடிந்துவிடுகிறது. அதைத் திருட்டு என்று திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. பிள்ளைகள் என்னிடம் கேட்பது இன்னும் ஆழமானது. “சார், எடுத்துச் சொல்றதுதான் பாதி அறிவுன்னா, நான் மெஷினுக்கு எடுத்துச் சொல்றேனே, அது போதாதா?” புரோகிராமர்கள் மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் வரிவரியாகத் தம் புரோகிராமை விளக்கும் பழக்கம் உண்டு. 1999-இல் வந்த ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ என்ற நூல் அதைப் பரப்பியது. வாத்து பதில் சொல்லாது, விளக்கும்போதே பிழை தெரிந்துவிடும். வாத்தாலேயே அவ்வளவு பலன் என்றால், திருப்பிக் கேள்வி கேட்கத் தெரிந்த இயந்திரத்தால் இன்னும் கூடத்தானே?

நான் இதை வெகுநாள் யோசித்தேன். கேள்வி கேட்பதில் இயந்திரம் கிராஸ் ரோட்டுப் பையனை மிஞ்சலாம். ஆனால் அந்தப் பெண் தவறாகச் சொல்லியிருந்தால் நஷ்டம் அவனுக்கு. அவனுக்குப் பரீட்சையில் தப்பும், அவன் அப்பா ஓட்டுகிற வண்டியின் ஒரு மாத வருமானம் ஃபீஸாகப் போகும். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் “ரூல் அப்படி” என்ற பதிலோடு அவளால் நிற்க முடியவில்லை. வாத்துக்கும் இயந்திரத்துக்கும் நாம் தவறாகச் சொன்னால் ஒன்றும் ஆகாது. இன்னொருவருக்கு நம்மால் கேடு வரக்கூடும் என்ற இடத்தில் நின்றுதான் மனிதன் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒளிக்காமல் பார்க்கிறான். வித்யாதானத்தைப் பெரியோர் புண்ணியத்தில் சேர்த்ததற்கு, பெறுகிறவனுக்குக் கிடைக்கும் நன்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. கொடுக்கிறவனை அது உண்மையின் முன் நிறுத்துகிறது. பவணந்தி பாதியை அங்கே வைத்ததற்கும் இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

பேசத் தெரிந்த பிள்ளைக்குத்தானே இதில் லாபம், கூச்சப்படுகிற பிள்ளை என்ன செய்யும் என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வைவாவில் ஆங்கிலத்தில் வாய் குழறி, நன்றாக எழுதிய புரோகிராமுக்கும் மார்க் போன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் விளக்குவது எந்த மொழியிலும் இருக்கலாம் என்று வைத்திருக்கிறேன். தாராவிப் பிள்ளை தமிழில், லால்பாக் பிள்ளை மராத்தியில், பேச்சு வராத பிள்ளை பேப்பரில் படம் போட்டு. எனக்கு முன்னால் நின்று விளக்க வேண்டாம், தன்னைவிட ஓராண்டு இளையவருக்கு விளக்கினால் போதும்.

வருகிற பருவத்தில் என் லேபில் டெர்ம் ஒர்க்கின் 25 மதிப்பெண்ணில் ஏறக்குறைய பாதியை இதற்கு ஒதுக்கப்போகிறேன். பாடம் கேட்பது வீட்டில், ரயிலில், போனில். லேபில் முதல் மணி நேரம் இருவர் சேர்ந்து எழுதுவது. இரண்டாம் மணி நேரம் ஜூனியர் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஜர்னலில் இதுவரை ஆசிரியர் கையெழுத்துக்கு மட்டும் இருந்த இடத்தின் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். கேட்ட ஜூனியர் தனக்குப் புரிந்திருந்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டும், புரியவில்லை என்றால் போடக் கூடாது. விளக்கிய பிள்ளை அடுத்த வாரம் மறுபடி விளக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.